தலையில் தடவுவதுதானே என்கிறீர்களா?

நம்பிக்கை: தடவும் மருந்து தோலோடு நின்றுவிடும், உடம்புக்குள் போகாது.

தருமபுரி, அரூர், பென்னாகரம் என்று எங்கே போனாலும் முடி கொட்டும் இளைஞர்கள் இதையேதான் சொல்கிறார்கள். "மாத்திரைன்னாதானே சார் பக்கவிளைவு? இது வெறும் லோஷன்தானே!" முழுத் தவறு. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் பட்டையைத் தோலில் ஒட்டுகிறோம். தோல் வழியே ரத்தத்தில் கலப்பதால்தான் அது வேலை செய்கிறது. முடி கொட்டுவதற்குத் தடவும் ஃபினாஸ்டரைடு மட்டும் மண்டைத்தோலில் காவல் நிற்குமா?

ஆண் வழுக்கைக்கு முக்கியக் காரணமான டிஹெச்டி ஹார்மோனைக் குறைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. ஐரோப்பாவில் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், மாத்திரை விழுங்கியவர்களின் ரத்தத்தில் டிஹெச்டி சுமார் 55 சதவீதம் குறைந்தது. தலையில் தெளித்துக்கொண்டவர்களுக்கும் சுமார் 34 சதவீதம் குறைந்தது. குறைவுதான், ஆனால் பூஜ்யமில்லை. கடைகளில் கலந்து தயாரிக்கும் ஃபினாஸ்டரைடு கரைசல்கள் பற்றி 2019 முதல் 2024 வரை 32 புகார்கள் வந்ததாக 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பாலுணர்வுக் குறைவு, மனச்சோர்வு, தூக்கமின்மை எல்லாம் அந்தப் புகார்களில் உண்டு. தடவிய தலையிலிருந்து மருந்து வீட்டில் மற்றவர்மீதும் ஒட்டலாம். கர்ப்பிணி தொட்டால் வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி கெடக்கூடும்.

இதைவிட மோசம், வழுக்கைக்கென்று இணையத்தில் பொடியாக விற்கும் ஆர்யூ-58841. குரங்குகளிடமும், எலிமேல் ஒட்டிய மனித மண்டைத்தோலிலும் சோதிக்கப்பட்டு, மருந்தாகாமலேயே கைவிடப்பட்ட சரக்கு அது. எந்த நாடும் அதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதற்கே உத்தரவாதமில்லாததை எந்தத் துணிவில் தலையில் தேய்க்கிறீர்கள்?

நம்பிக்கை: மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும்.
வேர் தோலுக்குள் இருக்கிறது. சவரக்கத்தி அங்கே போவதில்லை.

நம்பிக்கை: ஒகேனக்கல் எண்ணெய்க் குளியல் வழுக்கையைத் தடுக்கும்.
உடம்புக்குச் சுகம். டிஹெச்டிக்கு அது தெரியாது.

நம்பிக்கை: போர் தண்ணீரின் ஃபுளோரைடால்தான் வழுக்கை.
ஆண் வழுக்கை பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்வது. ஃபுளோரைடு குறிவைப்பது பல்லையும் எலும்பையும். அந்த ஃபுளோரைடைத் தவிர்க்கவே கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும்போதும் குழந்தைக்குப் போர் தண்ணீர் கொடுக்கும் பெற்றோரே, உங்கள் தலைமுடியைவிடப் பிள்ளையின் பல்லுக்குக் கவலைப்படுங்கள்.

ஃபினாஸ்டரைடு மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. தோல் மருத்துவரைப் பார்த்தபின் வாங்குங்கள், ரசீது கேளுங்கள். தடவியபின் மனமோ உடலோ மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 1800-180-3024 என்ற மருந்துப் பக்கவிளைவுப் புகார் எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.