பத்மினியில் இருப்பது வி6 எஞ்சினா?

அப்பாவின் பிரீமியர் பத்மினி இத்தாலிக் கார், அதில் வி6 எஞ்சின் இருக்கிறது என்கிறார் எங்கள் ஊர்க்காரர். உண்மையா?
– வாசகர், மேல்மலையனூர்

பாதி உண்மை. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 காரைப் பம்பாயில் தயாரித்த வடிவம். ஆனால் எஞ்சின் நேர்வரிசை: 4 சிலிண்டர், 1,089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். பானெட்டைத் திறந்து பாருங்கள், நான்கு ஸ்பார்க் பிளக்கும் ஒரே வரிசையில் இருக்கும்.

அவர் சொல்வது 1950இல் வந்த லான்சியா அவுரேலியாவுக்குப் பொருந்தும். வி6 எஞ்சினோடு தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் அது. 60 பாகைக் கோணம், 1,754 சிசி, 56 குதிரைத்திறன். எடை சமமாக இருக்க கியர்பாக்ஸையே பின்சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். என்ன அருமையான யோசனை!

உங்கள் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கும்போது ‘ஃபியட் 1100’ என்றே கேளுங்கள்.