மனச்சோர்வும் மனந்திறந்த பேச்சும்

கால் முறிந்தவரைக் கண்டால் நாம் இரங்குகிறோம். காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். சர்க்கரை நோய் உள்ளவர் திருமண வீட்டுப் பந்தியிலேயே தம் நோயைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுகிறார். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதெல்லாம் பக்கத்து இலைக்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால், மனத்தில் நோய் கண்டவர் மட்டும் அதனைக் களவுப் பொருளைப் போல மறைத்து வைக்கின்றார். அவர் மறைப்பதற்குக் காரணமும் உண்டு. “தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போக வேண்டியவன்” என்னும் ஏச்சு நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. பேராக் மாநிலத்தின் அவ்வூரில் 1911ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ‘பஹாகியா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். மருத்துவமனையின் பெயர் மாறியது, ஏச்சு மாறவில்லை.

மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றியும், அதிலிருந்து மீண்டவர்கள் தம் கதையைப் பிறரிடம் சொல்வதனால் விளையும் நன்மையைப் பற்றியும் இவ்விதழில் ஆராய்வோம்.

மனச்சோர்வு யாது?

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. தாய் இறந்தால் அழுகிறோம். மகன் தேர்வில் தவறினால் வருந்துகிறோம். அத்துக்கம் இயற்கையானது, நாளடைவில் தணிவது. மனச்சோர்வு அவ்வாறன்று. இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, ஏறக்குறைய நாள் முழுவதும் உள்ளம் இருண்டு கிடப்பதும், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப் போவதும் இதன் தலையாய அறிகுறிகள். இவற்றோடு உறக்கம் கெடும். சிலருக்கு எந்நேரமும் உறக்கமாகவே இருக்கும். பசி குன்றும். கவனம் சிதறும். தாம் எவருக்கும் பயன்படாதவர் என்ற எண்ணம் ஓயாது வந்து வதைக்கும். உயிர் வாழ்வதே வேண்டாம் என்ற நினைவும் சிலருக்குத் தோன்றும்.

நம் மக்களிடையே இந்நோய் பெரும்பாலும் உடம்பின் வாயிலாகவே பேசுகிறது. “தலை பாரமாக இருக்கிறது”, “நெஞ்சை அடைக்கிறது”, “கை கால் அசந்து போகிறது” என்றுதான் நோயாளி சொல்வார். மருந்தகத்தில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால் அதையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். இருபது ஆண்டுகளாகப் பிரட்டுக்குத் தவறாமல் வந்த பால்மரத் தொழிலாளி ஒருவர், சில வாரங்களாக விடியற்காலையில் எழ முடியாமல் கிடக்கிறார். எழுந்து வந்தாலும் வேலை ஓடவில்லை. மங்கைத் துடைத்து வைக்கக் கை எழவில்லை. கவனம் பிசகுவதனால் கத்தி பட்டையில் ஆழமாக இறங்கி மரம் காயப்படுகிறது. மண்டோர் ஏசுகிறார். பால் குறைகிறது; சம்பளமும் குறைகிறது. வீட்டில் மனைவி கேட்டால் மறுமொழி இல்லை. மாலையானால் மதுக்கடை. மது அன்றைய இரவை மட்டும் மறக்கச் செய்யும். மறுநாள் சோர்வை மேலும் ஆழமாக்கும். இவரைத் தோட்டம் என்னவென்று அழைக்கும்? சோம்பேறி என்றும், குடிகாரர் என்றும் அழைக்கும். நோயாளி என்று அழைப்போர் எத்தனை பேர்? பிள்ளை பெற்ற சில வாரங்களில் குழந்தையைத் தூக்கவும் மனமின்றிச் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் இளந்தாயின் நிலையும் இதுவே. அவளுக்குக் காற்றுக் கருப்பு பட்டது என்பார்கள். அல்லது கல் நெஞ்சுக்காரி என்பார்கள்.

இஃது எங்கோ சிலருக்கு வரும் நோயன்று. சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடாக உயர்ந்தது; அதாவது 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். நூறு பேர் கூடும் பிரட்டுக் களத்தில் நான்கைந்து பேர் என்று கணக்கிட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். அந்த நான்கைந்து பேரும் தம்மைத் தவிர வேறெவருக்கும் இந்நிலை இல்லை என்றே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

பழிச்சொல் செய்யும் வேலை

நோய் ஒரு பங்கு வருத்தினால், பழி மற்றொரு பங்கு வருத்துகிறது. அப்பழி வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. சிறு வயது முதல் பிறரைப் பார்த்துத் தாமே சொல்லிப் பழகிய சொற்கள், நோய் வந்ததும் தம்மை நோக்கித் திரும்புகின்றன. “நான் கோழை, எனக்குத்தான் மன உறுதி இல்லை” என்று நோயாளி தம்மையே ஏசிக்கொள்கிறார். குடும்பத்தாரோ, “வெளியே தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை வருமா?” என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. லயத்து வீடுகளுக்கு இடையே உள்ள பலகைச் சுவரில் எந்த இரகசியமும் தங்காது என்பதை அங்கே வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

சட்டத்தின் அச்சமும் ஒரு காலத்தில் இதனோடு சேர்ந்திருந்தது. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையிலிடத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடமளித்தது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கியது. ஆகவே, “உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணினேன்” என்று மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போலீசுக்குப் போக நேருமோ என்று இன்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. இச்செய்தி இன்னும் பலரைச் சென்றடையவில்லை என்பதனால் இதனை அழுத்திக் கூறுகிறோம்.

பிரதமரின் விடுப்பு

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நார்வே நாட்டின் பிரதமர் செல் மாக்னே பூண்டவிக் பதவியில் இருந்தபோதே மனச்சோர்வுக்கு ஆளானார். படுக்கையிலிருந்து எழவும் இயலாத நிலை. முதுகு வலி என்றோ, குளிர் காய்ச்சல் என்றோ அறிக்கை விட்டிருக்கலாம். அரசியலில் அது புதிதன்று. அவர் அவ்வாறு செய்யவில்லை. மனச்சோர்வினால் ஓய்வெடுக்கிறேன் என்று நாட்டுக்கு அறிவித்தார். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் பணிக்குத் திரும்பினார். மக்களிடமிருந்து அவருக்கு ஏராளமான ஆறுதற் கடிதங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டில் அவர் ஆட்சி விலகியது. அதற்குக் காரணம் அரசியல் விவகாரமேயன்றி நோயன்று. 2001இல் அவர் மீண்டும் பிரதமராகி நான்கு ஆண்டுகள் நாட்டை ஆண்டார்.

இந்தித் திரைப்பட நடிகை தீபிகா படுகோனேவும் 2015ஆம் ஆண்டில் தமது மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். இத்தகையோர் பேசுவது நன்றே. எனினும், பிரதமருக்கும் நடிகைக்கும் விடுப்பு உண்டு, பணம் உண்டு, சிறந்த மருத்துவர் உண்டு. நமக்கு என்ன உண்டு என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. பக்கத்து நிரையில் மரம் சீவுபவர், “எனக்கும் இப்படி இருந்தது, அண்ணே. இரண்டு வருடத்திற்கு முன்னால். கிளினிக்குக்குப் போனேன். இப்போது தேவலை” என்று சொல்லும்போது உண்டாகும் நம்பிக்கை வேறு வகையைச் சேர்ந்தது.

ஏன் வேறு? மனச்சோர்வு நோயாளியிடம் ஓயாது கூறும் பொய் ஒன்று உண்டு: ‘இதற்கு முடிவே இல்லை’ என்பது. மருத்துவர் முடிவு உண்டு என்று சொன்னால், படித்தவர், பிழைப்புக்காகச் சொல்கிறார் என்று மனம் தட்டிக் கழித்துவிடும். அதே இருளில் கிடந்து எழுந்த மனிதர் கண்முன்னே நின்று காண்டா வாளியைத் தோளில் சுமந்து நடப்பதைத் தட்டிக் கழிப்பது எளிதன்று. கேட்பவர் நோயாளியல்லர் என்றாலும் பயன் உண்டு. ‘பைத்தியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனக்கண்ணில் தோன்றிய உருவம் கலைந்து, தெரிந்த முகம் ஒன்று அவ்விடத்தில் வந்து அமர்கிறது. பழியை ஒழிக்கும் வழிகளை ஆராய்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2022ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. நோயை அனுபவித்தவர்கள் பிறரோடு பழகுவதும் பேசுவதுமே பழியைக் குறைப்பதில் மிகுந்த பலன் தருகிறது என்று அது கண்டது. சுவரொட்டியும் சொற்பொழிவும் அதற்குத் துணை மட்டுமே. இதனைச் சுவரொட்டி அச்சிடும் துறையில் இருந்துகொண்டே எழுதுகிறோம்.

பாட்டிமார் அமரும் பலகை

ஏழை மக்களிடையே இது நடைபெறுமா என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று உள்ளது. சிம்பாப்வே நாட்டில் மனநோய் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006ஆம் ஆண்டில் தலைநகர் ஹராரேயில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்தார். சுகாதார நிலையத்திற்கு வெளியே, மரப்பலகை இருக்கையில் அவர்கள் அமர்ந்து, வருபவரின் கதையைக் கேட்டனர். ‘மனச்சோர்வு’ என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை. ‘குஃபுங்கிசிசா’ என்ற தம் ஷோனா மொழிச் சொல்லையே பயன்படுத்தினர். அளவுக்கு மீறி யோசித்தல் என்பது அதன் பொருள். “யோசித்து யோசித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டான்” என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதுதானே!

பாட்டி தீர்வு கூறுவதில்லை. பல தொல்லைகளுள் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று வந்தவரையே தேர்ந்தெடுக்கச் செய்கிறார். பிறகு, மீண்டவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னியவாறே தத்தம் கதைகளைப் பேசிக்கொள்கிறார்கள். கை வேலை செய்யும்போது வாய் கூச்சமின்றித் திறக்கும் என்பது நம் பெண்மணிகள் அறிந்த செய்தி. 573 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பலகையில் அமர்ந்து பேசியவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே இருந்தன.

எவ்வாறு சொல்வது? எவ்வாறு கேட்பது?

எல்லாக் கதையும் நன்மை செய்வதில்லை. 2010ஆம் ஆண்டில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் தம் நாட்டுப் பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்தனர். தற்கொலைச் செய்தியைத் திரும்பத் திரும்ப விவரித்த காலங்களில் தற்கொலை கூடியிருந்தது. உயிரை விட எண்ணியவர் அந்நெருக்கடியைக் கடந்து வந்த கதை வெளியானபின் குறைந்திருந்தது. எனவே, கதை சொல்பவர் எவ்வாறு மீண்டார் என்பதை விரித்துச் சொல்ல வேண்டும்: யாரிடம் முதலில் வாய் திறந்தார், எந்த வாரத்தில் உறக்கம் திரும்பியது, எது உதவியது, எது உதவவில்லை என்பவற்றை. உயிரை மாய்க்கும் வழிமுறைகளைச் சொல்லவே கூடாது.

எவரையும் வற்புறுத்திச் சொல்ல வைப்பதும் தவறு. முதலில் நம்பத்தக்க ஒருவரிடம் சொன்னால் போதும். அக்காவாக இருக்கலாம், கூட்டாளியாக இருக்கலாம். மற்றவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். கேட்டவர் அதனைத் தண்ணீர்க் குழாயடியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்நோயாளி மறுபடி வாய் திறக்கமாட்டார். பிறருடைய கதை நமக்குச் சொந்தமன்று.

கேட்பவர் அறிவுரை கூறும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். “உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்!” என்பது ஆறுதல்போல் தோன்றினாலும், ஏற்கெனவே தம்மை இகழ்ந்துகொண்டிருப்பவரை மேலும் இகழ்வதாகும். கோயிலுக்குப் போகச் சொல்வதை நாம் குறை கூறவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போகச் சொல்வதையே கூடாது என்கிறோம். “உயிரை விடும் எண்ணம் வருகிறதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு உடன் சென்று சேர்ப்பிக்க வேண்டும்.

பேச்சு மருந்துக்கு மாற்றன்று. மருந்தகத்தின் வாசல்வரை கைபிடித்து அழைத்துச் செல்வது அதன் வேலை. அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். “உடம்பு வலி” என்று மட்டும் சொல்லாமல், உறக்கம், பசி, மனம் ஆகிய மூன்றின் நிலையையும் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்கப்பட்டால் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களோ சற்று அதிகமோ ஆகும். பத்தே நாளில் பலன் இல்லை என்று நிறுத்துவோர் பலர். குணம் கண்ட பின்னும் ஆறு மாதமேனும் மருத்துவர் சொற்படி தொடர வேண்டியிருக்கும். நேரில் செல்லத் தயங்குவோர் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவித் தொலைபேசி 15555ஐ அழைக்கலாம். கிளினிக்குக்குத் தனியே போக அஞ்சுபவர், அந்த வழியை முன்பே நடந்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போகலாம். மருத்துவர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.