சைலன்சரில் நஞ்சு, குடலில் தூது

நைட்ரிக் ஆக்சைடு என்றதும் நமக்கு எது ஞாபகம் வரும்? எஞ்சின் சூட்டில் உண்டாகி, சைலன்சர் வழியே வந்து ஊர்க் காற்றைக் கெடுக்கும் வாயு. அதே வாயுவை நம் குடல் நரம்புகளும் தயாரிக்கின்றன!

குடலில் உணவு நகர, பின்பக்கத் தசை இறுக வேண்டும், முன்பக்கத் தசை தளர வேண்டும். 1899-ல் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் சொன்னது இது. 'தளர்ந்து கொடு' என்று சொல்லும் முக்கியத் தூதன் நைட்ரிக் ஆக்சைடு என்பது 1990 வாக்கில்தான் தெளிவாயிற்று. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நரம்பு இதைத் தேவைப்படும்போது தயாரிக்கிறது. வாயு என்பதால் சேர்த்து வைக்க முடியாது. அது தசைக்குள் ஊடுருவி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்கும், தசை தளரும். சில நொடிகளில் வாயு மறைந்துவிடும்.

உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு, கரண்ட் வந்தால் மட்டும் திறக்கும் சோலனாய்டு வால்வு மாதிரி. அதன் நரம்புகள் அழிந்தால் சரியாகத் திறக்காது; சோறும் தண்ணியும் நெஞ்சிலேயே நிற்கும். இந்நோய்க்கு அகலேசியா என்று பெயர். அழிந்த நரம்பு திரும்பாது. ஆனால் பலூன் வைத்து வால்வை விரிக்கலாம், ஆபரேஷனும் செய்யலாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். சோறு இறங்கலைன்னா எங்க வீட்டில் 'கண்ணு பட்டிருச்சு' என்று மந்திரிக்கத்தான் போவார்கள். அடிக்கடி அப்படி நின்றால் காரணம் வேறாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இதை வீட்டில் எடுத்துச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?