எக்ஸ்ரேயை வெளிச்சமாக்கும் கல்

ஊட்டியில் இந்து நகர் பக்கம் போயிருக்கிறீர்களா? ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இருந்த இடம் அது. 1967-ல் உற்பத்தி தொடங்கி, கல்யாண போட்டோவுக்கான ஃபிலிமிலிருந்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம் வரை அங்கே தயாரானது. இன்று ஆலை மூடிக்கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் பழைய எக்ஸ்ரே இருந்தால், அந்த ஃபிலிம் ஊட்டிக் குளிரில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

எக்ஸ்ரே நேராக ஃபிலிமில் போய் விழுந்து படமாகிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. ஃபிலிம் எக்ஸ்ரேயைப் பிடிப்பதில் மகா சோம்பேறி. அதனால் கேசட்டுக்குள் ஃபிலிமை ஒட்டினாற்போல ஸ்கிரீன் என்ற வெள்ளைத் தகடுகளை வைத்தார்கள். எக்ஸ்ரே பட்டதும் தகடு ஒளிரும். அந்த வெளிச்சம்தான் படம் போடும். ஆரம்பத்தில் கால்சியம் டங்ஸ்டேட் தகடு. வாங்கிய எக்ஸ்ரே சக்தியில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் வெளிச்சமாக்கும். 1970-களில் கடோலினியம் சேர்மத்தில் ஒரு சிட்டிகை டெர்பியம் கலந்த தகடு வந்தது. அது நூற்றில் பதினைந்துக்கு மேல் பச்சை ஒளியாகத் தந்தது. நோயாளி உடம்பில் பாயும் கதிர் பாதியாகவும் அதற்குக் கீழேயும் குறைந்தது. இரண்டுமே அரிய மண் தனிமங்கள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டிலும் இந்தக் குடும்பத்தார் இருக்கிறார்கள்.

"சி.டி. ஸ்கேனில் ஃபிலிமே கிடையாதே?" என்பீர்கள். சரிதான். அங்கே வேலை செய்வது அதே குடும்பத்துத் தனிமங்களைக் கலந்து செய்த பீங்கான் துண்டுகள்.

பீங்கானுக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாக இருக்கும்போது ஒளி ஊடுருவும். பொடித்தால் வெள்ளை மாவு. துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. இங்கே தலைகீழ் வேலை. பொடியை அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்று இடைவெளி இல்லாமல் இறுக்குகிறார்கள். உள்ளே பிறந்த ஒளி வெளியே வந்து, பின்னாலுள்ள ஒளி உணர்கருவியில் விழுகிறது.

இன்னொரு சங்கடம் உண்டு. எக்ஸ்ரே குழாய் அரை நொடியில், சில கருவிகளில் அதற்கும் வேகமாக, உங்களைச் சுற்றி வந்துவிடும். முந்தைய ஒளி உடனே அணையாவிட்டால், சரியாகத் துடைக்காத சிலேட்டில் எழுதியது மாதிரி படம் குழம்பும். அதனால்தான் பிரசியோடைமியம், சீரியம் போன்றவற்றை இம்மியளவு சேர்க்கிறார்கள். ரசத்துக்கு உப்பு மாதிரி, கூடினாலும் கெடும்.

கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கதிர் கதிர்தான். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சி.டி. என்றால் 8 முதல் 10 வரை. இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதே உலக சராசரியில் 2.4தான். ஆகவே சாதாரணத் தலைவலிக்கெல்லாம் "ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே டாக்டர்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். ஆனால் தலையில் அடிபட்டு வாந்தியும் மயக்கமும் இருந்தால், கதிருக்குப் பயந்து ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு என்றால், அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேளுங்கள், சி.டி.தான் என்றால், குழந்தையின் எடைக்கேற்பக் கதிரைக் குறைத்து வைக்கிறார்களா என்றும் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

கோத்தகிரியிலிருந்தோ குன்னூர் எஸ்டேட்டிலிருந்தோ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்குகிறவர்கள், போன தடவை எடுத்த ஃபிலிமையும் சி.டி. தட்டையும் முதலில் பையில் வையுங்கள். அவற்றை மறந்து வந்து, அதே ஸ்கேனை மறுபடி எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.