கார்டு வாங்கிய பேரப்பிள்ளைகளுக்கு

கீழச்சிவல்பட்டியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் புறப்படுகிற பிள்ளைகளுக்கும், ஊரில் இருந்தபடியே கார்டு தேய்க்கிற பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். உண்டியல் என்ற பணச் சீட்டு மூலம் பணம் அனுப்பியவர்கள். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பணம் நாடு தாண்டும்போது இடையில் எவ்வளவு கழிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவை நம் ஊர்கள். நீங்களும் கேளுங்கள்.

1. புதுக் கார்டு நம் நாட்டு ஏடிஎம்மிலும் கடை மிஷினிலும் மட்டுமே ஓடும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி வைத்த ஏற்பாடு இது. விமானம் ஏறுமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பும் வையுங்கள். திரும்பி வந்த அன்றே மூடிவிடுங்கள்.

2. வெளிநாட்டுக் கடை மிஷின், ரூபாயில் கட்டுகிறாயா, அந்த ஊர்ப் பணத்திலா என்று கேட்கும். ரூபாய் பழகிய கணக்கு என்பதால் கை அங்கேதான் போகும். போகவிடாதீர்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையை அந்தக் கடைத் தரப்பே வைக்கும், தன் லாபத்தையும் சேர்த்து. அதற்குமேல் நம் வங்கியும் தனிக் கட்டணம் பிடிப்பதுண்டு. எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள்.

3. அப்படிக் கட்டினாலும் மாற்றுக் கட்டணம் உண்டு. பல கார்டுகளில் அது 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோலாலம்பூரில் 10,000 ரூபாய் மதிப்புக்குச் சாமான் வாங்கினால் 413 ரூபாய் கூடுதலாகப் போகும். இதைவிடக் குறைவாகப் பிடிக்கும் கார்டுகளும் இருக்கின்றன. வாங்கும்போதே விசாரியுங்கள், விசாரிப்பதில் வெட்கமே வேண்டாம்.

4. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று போட்டிருப்பதை மட்டும் கட்டினால் மிச்சம் முழுவதற்கும் வட்டி. புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் சலுகை கிடைக்காது. மாதம் 3.5 சதவீதம் சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு அது 42. வட்டிக் கணக்கு தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வட்டி கட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

5. 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே தட்டிக் கட்டலாம். கார்டு தொலைந்தால் எடுத்தவனும் கட்டலாம். அந்த வரம்பைக் குறைத்து வையுங்கள்.

6. வெளிநாட்டு இணையக் கடைகள் பல ஓடிபி கேட்பதில்லை. கார்டு விவரங்களே போதும். நீங்கள் செய்யாத செலவுக்குக் குறுஞ்செய்தி வந்தால் உடனே கார்டை முடக்கி வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நட்டம் உங்களுடையதல்ல. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி அது. ஓடிபியை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனதெல்லாம் உங்கள் தலையில். மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள்.

7. அந்தக் காலத்தில் கடையில் தொழில் பழகப் பெட்டியடிக்கு உட்கார்ந்த பையன்கள் அன்றன்றைக்கே வரவு செலவு எழுதிப் பழகினார்கள். போனிலாவது எழுதுங்கள். மாதப் பில் வந்ததும் வரிவரியாக ஒத்துப்பாருங்கள். வெளிநாட்டுச் செலவு சில நாள் கழித்தே கணக்கில் ஏறும்; அன்றைய மாற்று விலைப்படி தொகை சற்று மாறலாம். அந்த அளவு வித்தியாசம் போக மீதி எதற்கும் வங்கியிடம் விளக்கம் கேளுங்கள்.