காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறுமா?

கேள்வி: முதல் குழந்தைக்கு எட்டு மாதம். அடுத்தது மூன்று வருஷம் கழித்துப் போதும். எங்கள் ஊரில் கருத்தடை ஆபரேஷன் தவிர வேறு பேச்சே இல்லை. காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிறார் மாமியார்.

பதில்: கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது, அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சிலருக்குக் காப்பர்-டி நழுவி வெளியே வந்துவிடும். முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடலாம். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். லக்னோ அரசு ஆய்வகம் கண்டுபிடித்த ‘சாயா’ மாத்திரையும் உண்டு: ஹார்மோன் இல்லாதது, முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒன்று. ‘அந்தரா’ ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. நிறுத்தியபின் கருத்தரிக்கத் தாமதமாகலாம். மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. அவருக்கான ஆணுறையும் அங்கேதான் இருக்கிறது!