சுரங்கவழியும் இரண்டாம் பாதையும்

2004ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையில் நின்ற கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்த, இலங்கையின் இணையத் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. ஒரு நாடு பெரும்பாலும் ஒரே வடத்தை நம்பியிருந்தமையால் வந்த வினை அது. பின்னர் 2005இல் சீ-மீ-வீ 4 வடமும், 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைக்கும் பாரத-லங்கா வடமும் வந்து சேர்ந்தன.

நாட்டுக்குப் பொருந்தும் நியாயம் ஒரு கந்தோருக்கும் பொருந்துமன்றோ? இன்று கொழும்பு வணிகர் பலர் இரண்டு இணைய இணைப்புகளுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகின்றனர். ஆயினும், முதலாவது மூச்சுத் திணற இரண்டாவது உறங்கிக் கிடப்பதே பலவிடத்தும் காணும் காட்சி.

வெள்ளவத்தை காலி வீதியிலே கந்தோரும், கொட்டாஞ்சேனையிலே களஞ்சியமும் உடைய ஒரு வணிக நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஈரிடத்துத் தீச்சுவர்களுக்கும் இடையே வீ.பி.என். என்னும் மறைகுறிச் சுரங்கம் ஒன்று உண்டு. கணக்கேடும் தொலைபேசிப் பேச்சும் அதனூடே செல்கின்றன. வெள்ளவத்தையில் கண்ணாடி இழை இணைப்பொன்றும் 4ஜீ இணைப்பொன்றும் உள. பகல் முழுவதும் படக்காட்சிகள் இழையை நிறைக்கின்றமையால், சுரங்கத்தை மாத்திரம் 4ஜீ வழியே அனுப்ப விரும்புகின்றனர்.

ஈண்டுப் பெரும்பாலோர் செய்வது யாதெனின், “கொட்டாஞ்சேனைக் கணினிகளுக்குச் செல்லும் பொதிகள் இரண்டாம் இணைப்பாற் செல்க” என்று உள்வலையின் விதிப்பட்டியலில் எழுதிவிடுதலாம். இதனாற் பயனில்லை. சில தீச்சுவர்களில் இது தீங்கும் விளைக்கும். பொதி சுரங்க வாயிலை விட்டு விலகி நேரே வெளியே தள்ளப்படும். 192.168 எனத் தொடங்கும் அகமுகவரிகளைப் பொது இணையம் சுமப்பதில்லை. ஆதலாற் பொதி வழியிலே மடியும்.

காரணம் எளியது. கடிதங்களைத் தரம்பிரிக்கும் எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனைக் கடிதங்களையெல்லாம் ஒரு பையிலிட்டுப் பூட்டுகிறார். அப்பை எந்த வண்டியில் ஏறும் என்பது பையின்மேலுள்ள முகவரியைப் பொறுத்தது. உள்ளிருக்கும் கடிதத்தைப் பொறுத்ததன்று. சுரங்கத்தின் வெளிப்பொதியும் அத்தகையதே. அது உள்வலையிலிருந்து வருவதன்று. தீச்சுவர் தானே புதிதாக ஆக்குவது. உள்வலை விதிகள் அதனைக் காண்பதே இல்லை.

ஆகவே மாற்றவேண்டியது வெளிப்பொதியின் வழியை. சுரங்கத்தின் உள்ளூர் முனையை இரண்டாம் இணைப்பிற் பொருத்துக. கொட்டாஞ்சேனைத் தீச்சுவரின் பொது முகவரி ஒன்றுக்கு மாத்திரம் இரண்டாம் இணைப்பினூடே தனிவழி எழுதுக. முதலாவதை மட்டும் செய்தால், சில கருவிகளில் இரண்டாம் இணைப்பின் முகவரியைத் தாங்கிய பொதி முதலாம் இணைப்பால் வெளியேறும். இணைப்பு வழங்குநர் அதனை வீழ்த்திவிடுவர்.

மறுமுனைக்கும் அறிவித்தல் வேண்டும். புது முகவரியிலிருந்து தட்டுவோரை அது அந்நியர் என்றே கருதும். 4ஜீ இணைப்பிலோ இன்னுமொரு சிக்கல். வழங்குநர் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னே மறைத்து வைத்தல் வழக்கம். அங்ஙனமாயின் கொட்டாஞ்சேனை வெள்ளவத்தையை அழைக்க இயலாது. வெள்ளவத்தையே முதலில் அழைத்தல் வேண்டும். அடையாளமும் முகவரியால் அன்றிப் பெயரால் அமைதல் நன்று. ஐபிசெக் சுரங்கம் அப்பொழுது யூ.டி.பி. 4500ஆம் வாயில் வழியே நடக்கும். பிங் செல்கிறது, பெரிய கோப்பு மாத்திரம் நடுவழியில் நின்றுவிடுகிறது என்றால், பொதியின் பருமன் எல்லையைச் சற்றுக் குறைத்துப் பார்க்க.

மாற்றியபின் பழைய சுரங்கத்தை அறுத்து மீளக் கட்டுதல் வேண்டும். நிலைப்பட்டியலில் இருக்கும் பழைய தொடர்பு பழைய வழியையே பற்றிக்கொண்டிருக்கும்.

இனி, அந்த இரண்டாவது இணைப்பும் விழுந்தால்? தனிவழி அசையாது நிற்குமாயின், நல்ல இழை அருகிருக்கச் சுரங்கம் செத்துக் கிடக்கும். எனவே கண்காணிப்பு முறையை அமைத்து, இணைப்பு விழுந்ததும் வழி தானே விலகுமாறு செய்க. கண்காணிக்கும் முகவரி வழங்குநரின் முதற் படலையாக இருத்தல் ஆகாது. அப்பால் நடக்கும் கேட்டை அது காட்டமாட்டாது.

இரண்டும் இழையாய் ஒரே கம்பத்தில் தொங்கினால் அவற்றை இரண்டென எண்ணுதல் வீண். 2022இன் நெடிய மின்வெட்டுக்களின்போது, மின்கலம் இல்லாத கருவிக்கு எத்தனை இணைப்பு இருந்தும் ஒன்றே. இச்செலவை மேலாளர் எளிதில் ஒப்புவதில்லை. ஆயினும் கேட்டே பெறுதல் வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை, கந்தோர் வெறுமையாயிருக்கும் வேளையில், முதலாம் இணைப்பின் கம்பியைக் கழற்றுக, சுரங்கம் அசையக்கூடாது. அதனை மீளப் பொருத்தியபின் இரண்டாவதைக் கழற்றி, சுரங்கம் முதலாவதிற்கு மாற எத்தனை வினாடி ஆகிறதெனக் குறித்துக்கொள்க. பின் இரண்டாவதை மீண்டும் பொருத்துக. சுரங்கம் தன் வழிக்குத் திரும்பிற்றா என்பதை இரண்டாம் இணைப்பில் ஓடும் பொதிகளைப் பிடித்தே பார்க்க. திரும்பாது முதலாவதிலேயே தங்கிவிட்ட சுரங்கம், வாரக்கணக்காக எவர் கண்ணிலும் படுவதில்லை.